டெஸ்பாசிட்டோவுக்கு அப்புறம் என்ன கேட்கலாம்? லத்தீன் பாடல்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெஸ்பாசிட்டோ, வாக்கா வாக்கா, மக்கரீனா. இந்த மூன்றில் ஒன்றையாவது கேட்காதவர்கள் நம்மிடையே குறைவு. கல்யாண ரிசப்ஷனிலும் கல்லூரி விழாவிலும் ஒலித்து ஒலித்துக் காதுக்குப் பழகிவிட்டன. ஆனால் பாடியவர் யார், எந்த ஊர்க்காரர், பாட்டு என்னதான் சொல்கிறது என்று கேட்டால் பதில் வராது. பல வருடமாக இந்த இசையோடு இருப்பவன் என்பதால் நண்பர்களும் சொந்தக்காரர்களும் என்னிடம் கேட்பதுண்டு. அந்தக் கேள்விகளும் என் பதில்களும் இவை.

லத்தீன் இசை என்றால் லத்தீன் மொழிப் பாட்டா?

இல்லை. லத்தீனிலிருந்து கிளைத்த ஸ்பானிய மொழியும் போர்ச்சுகீசிய மொழியும் பேசும் அமெரிக்க நாடுகளின் இசைக்குத்தான் இந்தப் பெயர். வடக்கே மெக்சிகோவில் தொடங்கி தெற்கே அர்ஜென்டினா, சிலி வரை. நடுவில் கியூபா, போர்ட்டோ ரிக்கோ, டொமினிக்கன் குடியரசு போன்ற கரீபியன் தீவுகள். அப்புறம் பிழைப்புக்காக நியூயார்க், மயாமி என்று போய்க் குடியேறியவர்களின் இசையும் இதில் சேரும். 2000-ல் தொடங்கிய லத்தீன் கிராமி விருதுகள் ஸ்பானிய, போர்ச்சுகீசியப் பாடல்களுக்கு என்றே ஏற்பட்டவை. ஸ்பெயின் நாட்டுப் பாட்டுக்கும் அங்கே இடம் உண்டு.

இது ஒரே இசை வகை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். கானாவையும் தேவாரத்தையும் ‘தமிழ்ப் பாட்டு’ என்று ஒரே கூடையில் போட்டால் எப்படி இருக்கும்? சால்சா, டாங்கோ, கும்பியா, பச்சாட்டா, போசா நோவா, ரெகேடோன் எல்லாவற்றையும் ‘லத்தீன்’ என்று சொல்வதும் அப்படித்தான். ஸ்பானியர் கொண்டுவந்த கிதாரும், அடிமைகளாகப் பிடித்து வரப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் தாளமும், அந்த மண்ணின் பூர்வகுடிகளின் குழலும் ஊருக்கு ஊர் வெவ்வேறு அளவில் கலந்து வந்தவை இவை.

டெஸ்பாசிட்டோவில் அப்படி என்ன இருக்கிறது?

2017 ஜனவரியில் வந்த பாட்டு. பாடியவர்கள் போர்ட்டோ ரிக்கோவின் லூயிஸ் ஃபோன்ஸியும் டாடி யாங்கியும். ஃபோன்ஸியோடு உட்கார்ந்து அதை எழுதியவர் பனாமாவில் பிறந்த எரிக்கா எண்டர் என்ற பெண். அவர் பெயரைச் சொல்ல எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஏப்ரலில் ஜஸ்டின் பீபர் சேர்ந்து பாடிய வடிவம் வந்ததும் அமெரிக்காவின் பில்போர்ட் பட்டியலில் 16 வாரம் முதலிடத்தில் நின்றது. யூட்யூபில் 300 கோடி பார்வைகளை முதலில் தொட்ட வீடியோவும் இதுதான்.

இனி கேட்கும்போது இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். தொடக்கத்தில் வரும் கம்பி நாதம் கிதார் இல்லை. அது ‘குவாத்ரோ’, போர்ட்டோ ரிக்கோவின் நாட்டுப்புற வாத்தியம். இரண்டிரண்டாகப் பத்துக் கம்பிகள் கொண்டது. அதை வாசித்தவர் கிறிஸ்டியன் நியேவெஸ். இரண்டாவது, ‘டெஸ்பாசிட்டோ’ என்றால் ‘மெல்ல மெல்ல’ என்று பொருள். பல்லவியில் அந்தச் சொல் வரும் இடத்தில் பாட்டே வேகம் குறைந்து தயங்கி, பிறகு ஓட்டத்தைப் பிடிக்கும். சொல்லின் பொருளைத் தாளமே செய்து காட்டுகிறது. எனக்கு இந்தப் பாட்டில் மிகப் பிடித்த நொடி அது.

வீடியோ எடுத்த இடம், சான் உவான் நகரின் பழைய மதிலுக்கும் கடலுக்கும் இடையே ஒட்டிக்கிடக்கும் லா பெர்லா என்ற ஏழைக் குடியிருப்பு. அதே வருடம் செப்டம்பரில் வந்த மரியா புயல் அந்த இடத்தைப் புரட்டிப் போட்டது.

ரெகேடோன் பாட்டெல்லாம் ஒரே தாளத்தில் இருப்பது போலத் தோன்றுகிறதே?

தோற்றம் இல்லை, உண்மையே. பெரும்பாலான ரெகேடோன் பாட்டுகளுக்கு அடியில் ஓடுவது ஒரே தாளக்கட்டு. சின்ன வயதில் இரண்டு வருடம் மிருதங்க வகுப்புக்குப் போனவன் என்பதால் எனக்குச் சொற்கட்டில்தான் இது பிடிபட்டது: தகிட தகிட தக. மூன்று, மூன்று, இரண்டு, மொத்தம் எட்டு. மேசையில் தட்டிப் பாருங்கள். 1-லும் 5-லும் காலைத் தட்டுங்கள். 4-லும் 7-லும் கையைத் தட்டுங்கள். நாலைந்து சுற்று போனதும் ‘அட, இதுதானா’ என்று சிரிப்பீர்கள்.

இந்தத் தாளத்துக்குப் பெயர் ‘டெம் பௌ’. ஜமைக்கா பாடகர் ஷாபா ராங்க்ஸ் 1990-ல் பாடிய பாட்டின் தலைப்பு அது. தாளத்தை அமைத்தவர்கள் ஸ்டீலி, கிளீவி என்ற ஜமைக்கா இரட்டையர். ஜமைக்காவுக்கும் ஸ்பானிய மொழிக்கும் என்ன சம்பந்தம் என்றால், நடுவில் பனாமா இருக்கிறது. பனாமா கால்வாய் வெட்டப் போன கரீபியன் தீவுத் தொழிலாளர்களின் வாரிசுகள் அங்கே ஜமைக்காவின் ரெகே இசையை ஸ்பானியத்தில் பாட ஆரம்பித்தார்கள். அது நியூயார்க் வழியாகவும் நேராகவும் போர்ட்டோ ரிக்கோவுக்குப் போய், 1990-களில் அரசுக் குடியிருப்புகளில் கையிலிருந்து கைக்கு மாறிய கேசட்டுகளில் வளர்ந்தது. 1995-ல் போலீஸ் கேசட் கடைகளில் புகுந்து அவற்றைப் பறிமுதல் செய்ததும் நடந்தது. அந்தப் பறிமுதலையும் தாண்டித்தான் 2004-ல் டாடி யாங்கியின் ‘கசோலினா’ உலகம் சுற்றியது. 2023-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் காத்து வைக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் அதைச் சேர்த்தது. அந்தப் பட்டியலில் இடம்பிடித்த முதல் ரெகேடோன் பாட்டு அதுதான்.

ஸ்டீலி, கிளீவி தரப்பு 2021-ல் அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போனது. 1989-ல் தாங்கள் அமைத்த தாளத்தை ஏராளமான பாட்டுகள் அனுமதியின்றி எடுத்தாண்டன என்பது வழக்கு. ஒரு தாளத்துக்கு உரிமையாளர் இருக்க முடியுமா என்பது சட்டத்துக்குச் சிக்கலான கேள்விதான். ஆனால் இந்த இருவரின் பெயரைச் சொல்லாமல் ரெகேடோன் வரலாறு பேசுவது சரியில்லை.

வரிகள் கொஞ்சம் மோசமாமே? பிள்ளைகளோடு கேட்கலாமா?

ரெகேடோனில் கொச்சையான வரிகள் நிறைய உண்டு, மறைக்க வேண்டியதில்லை. வீட்டில் போடும் முன் மொழிபெயர்ப்பைத் தேடிப் பார்த்துவிடுங்கள். அதே உலகத்தில் ஐவி குயீன் என்ற பெண்ணும் இருக்கிறார். ஆண்களே நிறைந்திருந்த மேடையில் தனியாக நின்றவர். ‘உன்னோடு ஆட வேண்டும் என்றால் ஆட வேண்டும் என்று மட்டும்தான் அர்த்தம், உன்னோடு வந்துவிடுவேன் என்று நினைக்காதே’ என்ற கருத்தை ஒரு துள்ளல் பாட்டில் வைத்தார். வளர்ந்த பெண் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் தாராளமாகப் போடலாம்.

மக்கரீனா யாருடையது?

ஸ்பெயினில் செவில் நகருக்குப் பக்கத்திலுள்ள ஊரைச் சேர்ந்த லோஸ் டெல் ரியோ என்ற இருவர். 1993-ல் வந்தது. மயாமியில் ஆங்கில வரிகள் சேர்த்துக் கலக்கிய வடிவம் 1996-ல் பில்போர்டில் 14 வாரம் முதலிடம். நடனம்தான் நினைவில் நிற்கிறது. பாட்டாக எனக்குப் பெரிய ஈடுபாடு இல்லை.

வாக்கா வாக்கா ஷகிரா எழுதியதுதானே?

முழுவதும் இல்லை. ஷகிரா கொலம்பியாவின் பாரங்கீயா என்ற கரீபியன் கடற்கரை நகரத்தில் பிறந்தவர். அப்பா வழியில் லெபனான் வேர். அவருடைய இடுப்பாட்டத்தில் அரபு நடனம் தெரிவது அதனால்தான். 2010 தென்னாப்பிரிக்க உலகக் கோப்பைக்காக அவர் பாடிய ‘வாக்கா வாக்கா’வின் பல்லவி, கேமரூன் நாட்டின் கோல்டன் சவுண்ட்ஸ் குழு 1986-ல் வெளியிட்ட ‘ஸங்கலேவா’ பாட்டிலிருந்து வந்தது. அந்தக் குழுவினர் கேமரூன் அதிபரின் காவற்படையில் இருந்தவர்கள். பிறகு இரு தரப்பும் பேசி உடன்பாட்டுக்கு வந்தார்கள்.

இதைவிட மனதை உறுத்துவது லம்படாவின் கதை. 1989-ல் பிரான்சிலிருந்து கயோமா என்ற குழு வெளியிட்டு உலகமே ஆடிய பாட்டு. அதன் மெட்டு பொலிவியாவின் லோஸ் கார்க்காஸ் குழு 1981-ல் பாடிய பாட்டுடையது. எர்மோசா சகோதரர்கள் ஆக்கியது. ஆண்டிஸ் மலைக் குழலோடு வரும் பிரிவுப் பாட்டு, தலைப்பே ‘அழுதுகொண்டே போய்விட்டாள்’ என்ற பொருளில்தான். அனுமதி கேட்காமல், பெயரும் போடாமல் எடுத்துக்கொண்டார்கள். பொலிவியக் குழு சட்டப்படி போராடித் தன் உரிமையைப் பெற்றது. 2011-ல் ஜெனிஃபர் லோபஸ் அதே மெட்டைத் தன் பாட்டில் சேர்த்தபோது எர்மோசா சகோதரர்களின் பெயரும் இருந்தது. மூலப் பாட்டைத் தேடிக் கேளுங்கள். நாம் துள்ளிக் குதித்த மெட்டுக்குள் இவ்வளவு துயரமா என்று தொண்டை அடைக்கும்.

சால்சா என்பது நடனமா, இசையா?

இரண்டும். ஸ்பானியத்தில் அந்தச் சொல்லுக்குக் குழம்பு, சாஸ் என்று பொருள். கியூபாவின் ‘சோன்’ இசைதான் அடிப்படை. அதை நியூயார்க்கில் குடியேறிய போர்ட்டோ ரிக்கோக்காரர்கள் எடுத்து, டிராம்போனும் நகரத்து வேகமும் சேர்த்துக் காய்ச்சியது சால்சா. 1964-ல் டொமினிக்கன் நாட்டவரான ஜானி பச்சேக்கோவும் ஜெர்ரி மசூச்சி என்ற வழக்கறிஞரும் ஃபானியா இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். முதலில் காரின் பின்பெட்டியில் தட்டுகளை வைத்து விற்ற நிறுவனம் அது. வில்லி கோலோன், எக்டர் லவோ, ரூபென் பிளேட்ஸ் என்ற சால்சா கலைஞர்கள் எல்லோரும் அங்கிருந்து வந்தவர்கள்தான்.

சால்சாவை உள்ளிருந்து பிடிக்க வேண்டுமென்றால் ‘கிளாவே’யைப் பிடிக்க வேண்டும். இரண்டு சின்ன மரக்கட்டைகளை ஒன்றோடொன்று தட்டும் ஓசை. பதினாறு எண்ணிக்கையில் ஐந்து தட்டு. சொற்கட்டாகச் சொன்னால்: தகிட தகிட தகதிமி தக தகதிமி. ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்திலும் ஒரு தட்டு. பியானோ, கொங்கா என்ற மேளம், பாடகர் எல்லோரும் இந்த ஐந்து தட்டைச் சுற்றித்தான் நடப்பார்கள். சில சமயம் கட்டையை யாருமே தட்ட மாட்டார்கள், ஆனாலும் எல்லோர் மனதிலும் அது ஓடிக்கொண்டிருக்கும். முதல் ஆறு எண்ணிக்கையைப் பாருங்கள்: தகிட தகிட. ரெகேடோனில் கேட்ட அதே நடைதான். ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த தாளம் இத்தனை வேடத்தில் வாழ்கிறது.

பாடகர்களில் ஒருவரை மட்டும் சொல் என்றால் செலியா குரூஸ். 1960-ல் கச்சேரிக்காகக் கியூபாவை விட்டுக் கிளம்பியவர் திரும்பிப் போகவே முடியவில்லை. 1962-ல் தாய் இறந்தபோதும் அரசு அனுமதி தரவில்லை. மேடையில் அவர் ‘அசூகார்!’ என்று கூவுவார், சர்க்கரை என்று பொருள். கரும்புத் தோட்டங்களில் உழைத்து மடிந்த அடிமைகளின் வழியில் வந்த பெண் அந்தச் சொல்லைக் கொண்டாட்டமாகக் கூவும்போது அதற்கு வேறு எடை வந்துவிடுகிறது. 1990-ல் குவாந்தானமோவிலுள்ள அமெரிக்கத் தளத்தில் பாடப் போனவர், வேலியோரம் குனிந்து ஒரு பிடி கியூபா மண்ணை எடுத்து வைத்துக்கொண்டார். 2003-ல் அவர் இறந்தபோது அந்த மண்ணையும் சேர்த்துத்தான் அடக்கம் செய்தார்கள். 1998-ல் அவர் பாடிய ‘வாழ்க்கை ஒரு திருவிழா’ என்ற பாட்டை இதைத் தெரிந்துகொண்டு கேட்டுப் பாருங்கள்.

கதைப்பாட்டு பிடிக்கும் என்றால் ரூபென் பிளேட்ஸின் ‘பெத்ரோ நவாஹா’ (1978). ஏழு நிமிடத்துக்கு மேல் ஓடும். தங்கப்பல் மின்ன நடக்கும் ஒரு ரவுடி, தெருமுனையில் ஒரு பெண், கத்தி, துப்பாக்கி, கடைசியில் ஒரு குடிகாரன். இதற்கு மேல் சொன்னால் முடிவு தெரிந்துவிடும். இந்த பிளேட்ஸ் 1994-ல் பனாமா அதிபர் தேர்தலிலும் நின்றார்.

பிரேசில் இதில் சேருமா?

சேரும். மொழிதான் போர்ச்சுகீசியம். ரியோவின் இப்பனீமா கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு பாரில் உட்கார்ந்திருந்த இசையமைப்பாளர் டாம் ஜோபிமும் கவிஞர் வினிசியஸும் கடற்கரைக்குப் போகும் ஒரு பெண்ணைப் பார்த்தார்கள். அதிலிருந்து வந்தது ‘இப்பனீமா பெண்’. 1963 மார்ச்சில் நியூயார்க்கில் அமெரிக்க சாக்ஸஃபோன் கலைஞர் ஸ்டான் கெட்ஸும் ஜுவாவ் ஜில்பெர்ட்டோவும் பதிவு செய்தபோது, ஆங்கில வரிகளை ஜுவாவின் மனைவி ஆஸ்ட்ரூட் பாடினார். அவர் அதுவரை தொழில்முறைப் பாடகி இல்லை. அலங்காரமில்லாத, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போன்ற குரல். போசா நோவா என்ற இந்தப் பிரேசில் இசையை உலகெங்கும் கொண்டுபோனதில் அந்தக் குரலுக்குப் பெரிய பங்கு உண்டு. 1965-ல் கிராமியும் வந்தது. ஆல்பத்தின் முன்னட்டையில் அவர் பெயர் மட்டும் இல்லை.

அரசியல் பாட்டு ஏதாவது?

சிலியின் பாடகர் விக்டர் ஹாரா. 1973 செப்டம்பர் ராணுவப் புரட்சிக்குப் பின் சான்டியாகோவின் ஒரு விளையாட்டரங்கில் அடைத்து வைத்துக் கொன்றார்கள். இன்று அந்த அரங்கத்துக்கே அவர் பெயர். ஐம்பது வருடம் கழித்து, 2023-ல்தான் சிலியின் உச்ச நீதிமன்றம் முன்னாள் ராணுவத்தினர் ஏழு பேருக்கான தண்டனையை உறுதி செய்தது. அவருடைய ‘அமாந்தா’ பாட்டில் கோஷம் எதுவும் கிடையாது. ஆலை இடைவேளையின் ஐந்து நிமிடத்தில் காதலனைப் பார்க்க மழையில் ஓடும் பெண். பிறகு போராடப் போய்த் திரும்பாத அந்தக் காதலன். அவ்வளவுதான். மெல்லிய கிதார் ஒன்று மட்டும் கூட வரும். அவருக்கு முன்னோடியான வியோலெத்தா பார்ராவின் ‘வாழ்வுக்கு நன்றி’ பாட்டை அர்ஜென்டினாவின் மெர்சேதஸ் சோசா குரலில் கேளுங்கள். எனக்கு மூலத்தைவிட அது ஒரு படி மேல்.

பேட் பன்னிக்கு ஏன் இவ்வளவு ஆரவாரம்?

இயற்பெயர் பெனீத்தோ மார்த்தீனெஸ் ஒகாசியோ. போர்ட்டோ ரிக்கோவின் வேகா பாஹாவில் வளர்ந்து, சூப்பர் மார்க்கெட்டில் சாமான் பை கட்டும் வேலை பார்த்துக்கொண்டே பாட்டை இணையத்தில் ஏற்றியவர். 2020, 2021, 2022 மூன்று வருடமும் ஸ்பாட்டிஃபையில் உலகிலேயே அதிகம் கேட்கப்பட்டவர். ஆங்கிலத்துக்கு மாறாமலே அதைச் செய்தார் என்பதுதான் முக்கியம்.

2025 ஜனவரியில் வந்த ஆல்பத்தின் பெயருக்கு ‘இன்னும் நிறைய படம் எடுத்திருக்க வேண்டும்’ என்று பொருள். அட்டையில் வாழை மரங்களுக்கு முன்னால் இரண்டு வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலிகள்; ஆள் இல்லை. நம் ஊர்ப் பந்தலில் கிடக்கும் அதே நாற்காலி. பிழைப்புக்காக ஊரை விட்டுப் போனவர்கள், வெளியாட்கள் வாங்கிக் குவிக்கும் நிலம், ஏறும் வாடகை என்று தீவின் வலி முழுக்க அதில் இருக்கிறது. தலைப்புப் பாட்டில் தீவின் பழைய ‘பிளேனா’ இசை வரும். இன்னொன்றில் இசைப் பள்ளி மாணவர்கள் வாசித்த அசல் சால்சா. அந்த வருடக் கோடையில் உலகச் சுற்றுப்பயணம் போகாமல் சான் உவானிலேயே தொடர் கச்சேரி நடத்தினார். முதல் ஒன்பது இரவுகள் உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும்.

பெயர்களை எப்படி உச்சரிப்பது?

தமிழ் நாக்குக்கு ஸ்பானியம் ஆங்கிலத்தைவிடச் சுலபம். அவர்களின் ‘த’ நம் ‘த’தான், பல்லில் நாக்கு படும். அதனால் நாம் எழுதும் ‘டெஸ்பாசிட்டோ’ அங்கே ‘தெஸ்பசீத்தோ’. நம் ‘ஞ’ அவர்களிடம் தனி எழுத்தாகவே உண்டு: ‘செஞோரா’ என்றால் அம்மணி. ர-வைச் சாதாரணமாகச் சொன்னால் ‘பெரோ’, ஆனால் என்று பொருள். நாக்கை அதிரவிட்டு ‘பெர்ரோ’ என்றால் நாய். ஹவானாவின் முதல் எழுத்தை அவர்கள் ஒலிப்பதே இல்லை, ‘லா அபானா’ என்பார்கள்.

மொழி தெரியாமல் கேட்பது வீண்தானே?

இல்லவே இல்லை. மெக்சிகோவின் வேராகுரூஸ் பகுதி நாட்டுப்பாடலான ‘லா பம்பா’வை 1958-ல் ராக் பாட்டாக்கிய ரிச்சி வேலன்ஸ், கலிஃபோர்னியாவில் பிறந்து ஆங்கிலம் பேசி வளர்ந்தவர். வரிகளைக் காதால் கேட்டு மனப்பாடம் செய்துதான் பாடினார். 1959 பிப்ரவரி 3-ல் விமான விபத்தில் இறந்தபோது வயது 17. டெக்சாஸின் பாடகி செலீனாவும் சிறுமியாக ஸ்பானியப் பாட்டுகளை அப்படியே ஒலியாகத்தான் கற்றார். மேடையில் பாடிப் பாடி, பிறகு மொழியையும் பிடித்துக்கொண்டார். 1995-ல் ரசிகர் மன்றத் தலைவியாக இருந்தவராலேயே சுட்டுக் கொல்லப்பட்டார், 23 வயதில். பொருளைப் பிறகு தேடிக்கொள்ளலாம். முதலில் காது பழகட்டும்.

ஒரே ஒரு ஆல்பத்துக்குத்தான் நேரம் இருக்கிறது. எது?

புவெனா விஸ்டா சோஷியல் கிளப். 1996 மார்ச்சில் ஹவானாவின் எக்ரெம் ஸ்டுடியோவில் ஆறே நாளில் பதிவானது. முதலில் போட்ட திட்டம் வேறு: மாலி நாட்டுக் கலைஞர்களைக் கியூபாக்காரர்களோடு சேர்த்து வாசிக்க வைப்பது. விசா சிக்கலில் அவர்கள் வர முடியவில்லை. அமெரிக்க கிதார் கலைஞர் ரை கூடர் வந்துவிட்டார், ஸ்டுடியோவும் பேசியாயிற்று. கியூபாவின் உவான் டி மார்க்கோஸ் கொன்சாலெஸ் ஊரில் மறக்கப்பட்டுக் கிடந்த பழைய கலைஞர்களைத் தேடிக் கூட்டி வந்தார்.

சுருட்டு ஆலையில் வேலை பார்த்திருந்த கொம்பாய் செகுந்தோவுக்கு அப்போது 88 வயது. அவர் எழுதிய ‘சான் சான்’ பாட்டுதான் ஆல்பத்தின் வாசல். ‘ஆல்ட்டோ செத்ரோவிலிருந்து மார்க்கனே போகிறேன், குவெட்டோ சேர்ந்து மயாரிக்குப் போகிறேன்’ என்று கிழக்குக் கியூபாவின் ஊர்களைப் பெயர் சொல்லிக் கடந்து போகும் பாட்டு. இப்ராஹிம் ஃபெரர் பாடுவதை விட்டுவிட்டுச் செருப்புக்கு பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். 1998-ல் ஆல்பத்துக்கு கிராமி கிடைத்தது. அதே வருடம் ஜூலையில் நியூயார்க்கின் கார்னகி மண்டபத்தில் எல்லோரும் சேர்ந்து பாடினார்கள்.

பியானோ வாசித்தவர் ரூபென் கொன்சாலெஸ், 76 வயது, விரல்களில் மூட்டுவலி. வீட்டில் பியானோ கிடையாது. இருந்ததைப் பூச்சி அரித்துவிட்டது. பதிவு நடந்த நாட்களில் காலையில் ஸ்டுடியோ திறப்பதற்கு முன்பே வந்து வாசலில் நிற்பாராம். கதவு திறந்ததும் நேரே பியானோவிடம் போய் உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கிவிடுவாராம்.